ஐந்தாவது ஆள் டவுன் பார்க்கப் போன நாள்

1

அதனால்தான் சொல்கிறேன் பேச்சி, அந்தக் கீழவீட்டுக்காரி தன் மகளின் வளைகாப்புக்குக் கவரிங் வளையலைப் போட்டுவிட்டுப் பவுன் என்று சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. வாங்கிக்கொண்டவள் அதை உரசிப் பார்த்தாளே, அதுதான் அசிங்கம். ஏழு மாத வயிற்றோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்து வளையலைத் தரையில் தேய்க்கிறவளைப் பெற்றவர்கள் எங்கே போய்ச் சொல்வார்கள்? சரி, அது கிடக்கட்டும். நீ கேட்ட கதைக்கு வருகிறேன். "மெல்பர்ன் டவுனுக்குத் தனியாப் போனியாமே, போலீஸ் பிடிச்சிருச்சாமே, நெசமா?" என்று உன் மகளின் போனிலிருந்து கேட்டிருந்தாய். யாரும் பிடிக்கவில்லை. நான் ஓடியது மட்டும் நிஜம்.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் செல்வி கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். அவள் விருதுநகரில் டீச்சருக்குப் படித்தவள் என்று உனக்குத் தெரியும். என் வாயிலிருந்து புறப்படுவது ஒன்று, அவள் விரலில் போய் இறங்குவது இன்னொன்று. "நான் இப்படியா பேசுறேன்?" என்று கேட்டால், "எழுத்துன்னா இப்படித்தான் அத்தை இருக்கணும்" என்கிறாள். போகட்டும். எழுதத் தெரியாதவள் எழுதுகிறவளோடு சண்டை போட்டால் அந்தச் சண்டையையும் அவள்தானே எழுதுவாள்? நம்பர் போடச் சொன்னது மட்டும் நான்தான். கம்பி மத்தாப்பு பாக்கெட் போட்டுக்கொண்டே நீங்கள் எல்லோரும் கேட்பீர்கள், வாசித்துக் காட்டுகிற உன் மகள் நடுவில் டீ குடிக்க எழுந்து போவாள், திரும்பி வந்தால் விட்ட இடம் தெரிய வேண்டாமா?

2

இங்கே வாடகை வீடு நம் ஊர் மாதிரி இல்லை. நம் ஊரில் வீட்டுக்காரர் வாசலில் நின்று, தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்து, "என்ன, விருந்தாளுக வந்திருக்காகளோ?" என்று கேட்பார். நாம் ஒரு டம்ளர் காபி கொடுத்தால் போய்விடுவார். இங்கே வீட்டுக்காரர் முகத்தை யாரும் பார்த்ததே கிடையாது. அவருக்குப் பதிலாக ஒரு ஆபீஸ். அந்த ஆபீஸிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஒரு பெண் வருவாள். அடுப்பைத் திறந்து பார்ப்பாள், பாத்ரூம் சுவரைத் தடவிப் பார்ப்பாள், எல்லாவற்றையும் போட்டோ எடுப்பாள். இதற்கு இன்ஸ்பெக்‌ஷன் என்று பெயர்.

என் மகன் முருகேசன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த அன்றைக்கே என் கண் பின்வாசலைத் தேடியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன், உனக்கே தெரியும்.

வாடகைப் பத்திரத்தில் இருப்பது நாலு பேர். முருகேசன், செல்வி, பேத்திகள் மது, நிலா. நான் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே பத்திரம் எழுதியாகிவிட்டது. எனக்கு விசா கொடுத்த அரசாங்கத்துக்கு நான் இங்கே இருப்பது தெரியும், ஊசி போடுகிற டாக்டருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தெரியும். வீட்டுக்கார ஆபீஸுக்கு மட்டும் தெரியாது.

"எம்மா, கூட ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாக. இங்க இன்னொரு வீடு லேசுல கெடைக்காது. அப்புறம் உன்னைய ஊருக்கு ஏத்திவிடுறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்றான்.

நான் ஊருக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவள் இல்லை. ஆனால் ஆமத்தூரில் எனக்கு என்ன இருக்கிறது? பூட்டின வீடும் நீயும்தான். கோபித்துக்கொள்ளாதே, நீ நல்லவள். ஆனால் விடிகாலையில் "அப்பாத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டு என் போர்வைக்குள் நீ நுழைவாயா? சின்னவள் நிலா நுழைவாள். ஆறு வயது. அப்பத்தா என்று சொல்ல வராது, அப்பாத்தாதான். பெரியவள் மதுவுக்குப் பன்னிரண்டு. அவள் அறைக்குக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், இரண்டு பேருக்கும் புரிந்ததாக இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்வோம். சின்னவளும் அந்தப் பக்கம் போவதற்கு இன்னும் நாலைந்து வருஷம் இருக்கிறது. அதுவரை நான் இங்கே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் இரண்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் என்னை முருகேசனின் சிநேகிதர் வீட்டில் இறக்கிவிட்டார்கள். அந்த வீட்டு மனிதர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள், நாய் மட்டும் இருந்தது. ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். பாத்ரூமுக்குப் போனாலும் கூடவே எழுந்து வந்தது. வாடகை வீட்டில் நாய் வைக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம், வாங்கியிருந்தார்களாம். ஆக அந்த வீட்டுப் பத்திரத்தில் நாய் இருக்கிறது. என்னைத்தான் எந்தப் பத்திரத்திலும் காணோம்.

மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன்.

"ஏலே, நாய் வீட்டுக்கு நான் போகமாட்டேன். டவுனைப் பாக்கப் போறேன்."

"யாரோட?"

"என்னோட."

"எழுத்துத் தெரியாது, பாஷை தெரியாது, எப்படிம்மா போவே?"

"சிவகாசி பஸ்ஸ்டாண்டுல போர்டைப் படிச்சுட்டா இம்புட்டு வருசம் பஸ் ஏறினேன்?"

அப்புறம் ஒரே ஒரு கண்டிஷன் போட்டான். என்ன ஆனாலும், எவர் கேட்டாலும், வீட்டு விலாசத்தைச் சொல்லக்கூடாது. சொன்னால் ஒரு பேப்பர் இன்னொரு பேப்பரோடு போய்ச் சேர்ந்துகொள்ளுமாம், நான் அகப்பட்டுக்கொள்வேனாம். சரியென்று தலையாட்டினேன்.

3

காலையில் வீட்டைக் காலி செய்தார்கள். வீட்டையா செய்தார்கள்? என்னைத்தான். என் தலையணை, மாத்திரை டப்பா, பல்பொடி, கொடியில் கிடந்த இரண்டு சேலை, இருக்கன்குடி மாரியம்மன் படம் எல்லாம் கார் டிக்கிக்குள் போயின. அம்மனும் என்னோடு சேர்ந்து தலைமறைவு. பிரிட்ஜ் கதவில் நிலா வரைந்த படம் ஒன்று ஒட்டியிருக்கும், குடும்பம் மொத்தமும் கைகோத்து நிற்கிற படம். கடைசியில் நான், கொண்டை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக. முருகேசன் அதைக் கிழிக்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. ஓரத்தை மடித்து என்னைப் பின்பக்கம் தள்ளி, மறுபடி காந்தத்தை ஒட்டினான்.

செல்வி, இதை எழுது. மாமா கோபித்துக்கொள்வார் என்று பார்க்காதே, அவன் எனக்கு மகன்.

கழுத்தில் ரயிலுக்கும் டிராமுக்குமான கார்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள், ஆட்டுக்கு மணி கட்டின மாதிரி. எங்கள் ஸ்டேஷனிலிருந்து டவுன் பதினாலாவது ஸ்டேஷன். புளியிலிருந்து பதினாலு கொட்டை பொறுக்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு ஸ்டேஷன் வந்தால் ஒரு கொட்டை மடிக்கு மாறும். பை காலியானால் இறங்க வேண்டியது. திரும்பும்போது மடியிலிருந்து பைக்கு. தீப்பெட்டி ஆபீஸில் கட்டு எண்ணின காலத்திலிருந்து எனக்குக் கொட்டைதான் கணக்குப்பிள்ளை, இதுவரை ஏமாற்றியது இல்லை.

ரயிலில் உட்கார்ந்தேன். நம் சிவகாசி பஸ்ஸில் ஏறி ஆமத்தூர் விலக்கு வருவதற்குள் பக்கத்தில் இருக்கிறவளின் சம்பந்தி வீட்டுச் சங்கதிவரை தெரிந்துவிடும். இங்கே பதினாலு ஸ்டேஷன் தாண்டியும் எதிரில் உட்கார்ந்தவனுக்கு மூக்கு இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. போன் மறைத்திருந்தது.

பை காலியானது, இறங்கினேன். பேச்சி, அந்த ஸ்டேஷன் இருக்கிறதே, மஞ்சள் பூசின அரண்மனை. வாசலுக்கு மேலே வரிசையாகக் கடிகாரம், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நேரம். அடுத்த ரயில் எப்போது என்று காட்டுகிற கடிகாரங்கள் அவை என்று செல்வி பிற்பாடு சொன்னாள். நான் அன்றைக்கு, இவ்வளவு பெரிய ஊரில் கடிகாரம் ரிப்பேர் பார்க்க ஓர் ஆள் இல்லையே என்று பரிதாபப்பட்டுவிட்டு நடந்தேன்.

என்ன ஊர் என்கிறாய்! கைவண்டியில் குழந்தை என்று எட்டிப் பார்த்தால் நாய், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு. பக்கத்தில் பிள்ளை செருப்பில்லாமல் நடக்கிறது. காபியைக் குவளையில் வாங்கி, உட்காராமல், குடிக்காமல், கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஆறுவதற்குள் எங்கேயோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்போல. ஒரு தெருமுனையில் ஒருவன் உடம்பு முழுக்க வெள்ளி நிறம் பூசிக்கொண்டு அசையாமல் நிற்கிறான். சிலை என்று நினைத்துத் தொடப்போனேன், கண் சிமிட்டினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டி, தொப்பியில் காசு போட்டார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தீபாவளி சீசனில் அலுமினியப் பவுடர் அறையிலிருந்து நாம் எல்லோரும் இதே நிறத்தில்தானே சாயங்காலம் வீட்டுக்கு நடப்போம்? யாராவது கைதட்டினார்களா? பஸ்ஸில் சீட்டில் படும் என்று கண்டக்டர் நம்மை நிற்கத்தான் வைத்தார்.

ஒரு பெரிய புல்வெளியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தேன். வெள்ளை வெளேர் என்று ஒரு பறவை இறங்கி என் வடகத்தைக் கொத்திக்கொண்டு பறந்துபோனது. ஊரில் அமாவாசைக்கு அமாவாசை காக்காவைத் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் வராது. இங்கே கூப்பிடாமலே வருகிறது. யார் வீட்டு முன்னோரோ, நம் வடகம் பிடித்திருக்கிறது, இருக்கட்டும் என்று இன்னொன்றும் வைத்தேன்.

அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். மணி ஒன்றுகூட ஆகவில்லை. அப்போதுதான் எனக்கு டிராம் ஏறுகிற ஆசை வந்தது.

4

டிராம் என்றால் தெருவிலேயே ஓடுகிற ரயில். ஜன்னல் ஓரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தாள், என் வயதுதான் இருக்கும். சக்கரம் வைத்த பை, அதிலிருந்து கீரை எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அந்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் முகம். பக்கத்தில் உட்கார்ந்து சுருக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டியில் கொட்டை உருண்டுவிடக்கூடாது என்று பதினாலையும் மறுபடி பைக்குள் போட்டிருந்தேன்.

இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். முன்வாசலில் ஒருவன் ஏறினான். கருநீலச் சட்டை, நெஞ்சில் பேட்ஜ், கையில் ஏதோ மிஷின். முன் சீட்டுக்காரனிடம் எதையோ கேட்டான், அவன் எடுத்துக் காட்டினான். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு முப்பது வருஷம் பின்னால் போய்விட்டது பேச்சி.

நம் பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறைச் சுவரிலும் சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த அறையில் நாலு பேருக்குமேல் வேலை செய்யக்கூடாது. உள்ளே நாம் பன்னிரண்டு பேர். நம்மில் ஒருத்திக்கும் வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில் அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தார்கள். ஆபீசர் ஜீப் மெயின்ரோட்டு விலக்கில் திரும்பினால் போர்மேன் வெளியே நின்று துண்டை உதறுவார். சத்தம் கிடையாது. எட்டுப் பேர் பின்பக்கமாக வெறுங்காலோடு ஓடிச் சீமைக் கருவேல முள்ளுக்குள் குத்தவைக்க வேண்டும். ஜீப் போகிறவரை இருமக்கூடாது. ஆபீசர் உள்ளே வந்து நாலு பேரை எண்ணுவார், எழுதுவார், டீ குடிப்பார், போவார். நாம் முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி அறைக்குள் போவோம். நான் ஒரு தடவைகூட அந்த நாலு பேரில் இருந்தது இல்லை. அந்த நாலுக்கும் எனக்கும் என்ன பகையோ, கடல் தாண்டி வந்தும் விடவில்லை.

அந்த ஓட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பக்கத்தில் இருக்கிறவளை விட்டுவிட்டு ஓடக்கூடாது.

"ஏத்தா, எந்திரி! ஆபீசர் வர்றான்!" என்று அந்தக் கிழவியின் மணிக்கட்டைப் பிடித்தேன். வண்டி நின்று பின்கதவு திறந்தது. இழுத்துக்கொண்டு குதித்தேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சக்கரப் பையோடு என் பின்னாலேயே ஓடிவந்தாள். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். டிராமில் மற்ற ஒருத்தரும் அசையவில்லை. நம் பக்கம் ஒருத்தி ஓடினால் ஊரே ஓடும், ஏன் என்று கேட்பதெல்லாம் பிறகுதான், கேட்க ஆள் மிஞ்சினால். இங்கே ஒரு கிழவி இன்னொரு கிழவியைக் கடத்திக்கொண்டு போகிறாள், இவர்கள் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதிரே பூக்கடை. வாளி வாளியாகப் பூ. இரண்டு பேரும் அதன் பின்னால் குத்தவைத்தோம். அப்போதுதான் பார்க்கிறேன், என் செருப்பு இரண்டும் கையில் இருக்கின்றன. எப்போது கழற்றினேன் என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

அந்தக் கிழவி என்னைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். நான் வாயில் விரல் வைத்து, "இருமாதே" என்றேன். அவளும் வாயில் விரல் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நிமிர்ந்தால், பூவாளிக்கு மேலே கருநீலச் சட்டை. அவன் கையில் என் சுருக்குப் பை. சீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதைக் கொடுக்கத்தான் அவன் இறங்கி வந்திருக்கிறான்.

5

அவன் என்னவோ கேட்டான். மறுபடி மெதுவாகக் கேட்டான். நான் அம்மன் சிலை மாதிரி நின்றேன். கார்டைத் தூக்கிக் காட்டினேன், அவன் அதைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். என் கதை முடிந்தது, ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். உள்ளேயிருந்து தமிழ் வந்தது.

"வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். அவர் சொல்லுறதை உங்களுக்குச் சொல்லுவன், நீங்கள் சொல்லுறதை அவருக்குச் சொல்லுவன். விளங்குதோ?"

"வெளங்குது. ஐயா எந்த ஊரு, யாழ்ப்பாணமா?"

"அது நான் சொல்லக் கூடாது அம்மா."

"சொல்ல வேணாம், பேச்சே சொல்லுது."

அவர் அதையும் இங்கிலீஷில் சொன்னார்போல, கருநீலச் சட்டைக்காரன் சிரித்தான்.

"ஏன் ஓடினனீங்கள் எண்டு கேக்கிறார். கார்ட் இருக்குத்தானே?"

"இருக்கு. ஆபீசர் வந்தா ஓடணும்ல, அதான் ஓடினேன்."

போனுக்குள் முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ். "அம்மா, இந்த இடத்திலை டிராமுக்குக் கார்டே தேவையில்லையாம். நகரத்தின்ரை நடுப்பகுதியிலை எல்லாருக்கும் இலவசமாம்."

பேச்சி, முப்பது வருஷத்தில் நான் ஓடின ஓட்டத்தில் இவ்வளவு சுத்தமான வெட்டி ஓட்டம் ஒன்றும் இல்லை.

"எங்கை இருக்கிறீங்கள் எண்டு கேக்கிறார். வழி தெரியாட்டி வீட்டிலை கொண்டுபோய் விட ஒழுங்கு செய்வாராம்."

"இங்கனதான் இருக்கேன்."

"இங்கன எண்டால் எங்கை அம்மா?"

"இங்கனதான்."

"வீடு எங்கை?"

"வீடெல்லாம் இல்ல."

"அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. வீடு இல்லையெண்டு நான் சொன்னால், வீடில்லாத ஆக்களைப் பாக்கிற இடத்துக்கு இவர் அறிவிச்சுப்போடுவார்."

விலாசம் சொன்னால் ஊருக்கு. சொல்லாவிட்டால் எங்கே என்றே தெரியாது. எனக்குப் புழுங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "ஐயா, இது ஒங்களுக்கு மட்டும் சொல்லுதேன், அவருகிட்ட மூச்சு விட்ராதீக. எங்க வீட்டுப் பத்திரத்துல நாலு பேருதான். நான் அஞ்சாவது ஆளு. தெரிஞ்சா எம்மகனைக் காலி பண்ணச் சொல்லிருவாக. இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன், அதான் என்னைய வெளிய அனுப்பிட்டாக" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ஐயோ அம்மா! எனக்கு மட்டும் எண்டு ஒண்டும் இல்லை. நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் நான் அவருக்குச் சொல்லத்தான் வேணும். அதுதான் என்ரை வேலை."

சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாக, இங்கிலீஷில், நிதானமாக என்னைக் காட்டிக்கொடுத்தார். நான் கருநீலச் சட்டைக்காரன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டை எடுக்கிறானா, பேனாவைத் தேடுகிறானா? கீரைக்காரக் கிழவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவேளை அவளும் சட்டம் தெரிந்தவள்தானோ என்னவோ.

அவன் நோட்டை எடுக்கவில்லை. பையை என் கையில் வைத்து என்னவோ சொன்னான்.

"அம்மா, தான் டிராம் மட்டும்தானாம் பாக்கிறது, வீடு தன்ரை வேலை இல்லையாம். ஆனால் தன்ரை அம்மாவும் தன்னோடைதான் இருக்கிறாவாம், அதுவும் வாடகை வீடுதானாம். அவ வந்த கிழமையே அந்த அலுவலகத்துக்கு ரெண்டு வரி எழுதிப்போட்டவராம். பேரைச் சேர்த்துப்போட்டினமாம். மகனை எழுதச் சொல்லட்டாம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தானாம்" என்றார், என் ஊர் வார்த்தையிலேயே.

கருநீலச் சட்டைக்காரன் ஸ்டேஷன் இருக்கும் திசையைக் கையால் காட்டிவிட்டு அடுத்த டிராமில் ஏறிப்போனான். கிழவி சக்கரப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் திணித்தாள். தன் நெஞ்சைத் தொட்டு ஒரு பெயர் சொன்னாள், வாயில் நிற்கவில்லை. நான் என் நெஞ்சைத் தொட்டு, "சண்முகத்தாய்" என்றேன். அவள் வாயிலும் அது நிற்கவில்லை. கணக்குச் சரி.

6

கொட்டை எண்ணிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மூன்றரை மணி. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்திருந்தது, பேத்திகள் பள்ளியிலிருந்து வரவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனேன். கண்ணாடி மாதிரி துடைத்த வீடு. என் பல்பொடி இல்லை. சேலை இல்லை. அம்மன் இல்லை. பிரிட்ஜ் கதவில் நாலு பேர் கைகோத்து நிற்கிறார்கள், செல்வியின் கை மட்டும் மடிப்புக்கு அந்தப் பக்கம் எதையோ பிடித்துக்கொண்டு போகிறது. நான் செத்துப்போனால் வீடு இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டேன். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

முருகேசன் டிக்கியிலிருந்து தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "எப்படிம்மா இருந்துச்சு டவுனு?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஓடினதைக் கேட்டுச் சிரித்தான். ரெண்டு வரி எழுத வேண்டும் என்றதும் சிரிப்பை நிறுத்தினான்.

"அம்புட்டு லேசு இல்லம்மா. அவன் டிராம்காரன், அவனுக்கு என்ன தெரியும்? எழுதி, அவுக முடியாதுன்னுட்டா என்ன பண்ணுவே?"

"எழுதிப் பாத்தியாலே?"

"இல்ல."

"கேட்டுப் பாத்தியா?"

"இல்லம்மா, எதுக்கு வம்பு..."

"அப்ப ஒண்ணரை வருசமா என்னைய எதுக்குலே ஒளிச்சு வச்சே?"

அவன் தலையணையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். நான் விடவில்லை. "ஏலே முருகேசா, கருவேல முள்ளுக்குள்ள நான் குத்தவச்சிருந்ததுக்குக் கம்பெனிக்காரன் சம்பளமாச்சும் குடுத்தான். அந்தச் சம்பளத்துலதான் நீ படிச்சே. நீ எனக்கு என்னலே குடுக்கே?"

கேட்டிருக்கக் கூடாது என்று அப்புறம் தோன்றியது. அவன் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை பேச்சி. பத்திரம் என்றால் பயம், ஆபீஸ் என்றால் பயம். துண்டை உதறினால் ஓட வேண்டும் என்பது என் பாலோடு அவனுக்குள் போயிருக்கிறது. என்ன, நான் ஓடினேன், அவன் படித்தவன், அதனால் என்னை ஓடவைக்கிறான்.

அவன் எழுதவில்லை. செல்விதான் அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே போனில் ரெண்டு வரி தட்டி அனுப்பினாள். "என்ன எழுதினே?" என்று கேட்டேன். "எங்க அத்தை எங்களோட இருக்காக, பேரைச் சேத்துக்கோங்கன்னு எழுதினேன்" என்றாள். மூன்று நாள் முருகேசன் சோறு இறங்காமல் இருந்தான். நான் நன்றாகச் சாப்பிட்டேன். போகிறதானால் வயிறு நிறைந்து போகலாம் என்றுதான். நாலாம் நாள் பதில் வந்தது. ஒரு வரி. சேர்த்துவிட்டோம், நன்றி. நன்றியாம்! நான் இருப்பதற்கு எனக்கு யாரும் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

நிலாவே படத்தின் மடிப்பைப் பிரித்துவிட்டாள். கோடு மட்டும் போகவில்லை, என் தோள்மேல் துண்டு போட்ட மாதிரி ஓடுகிறது.

7

இதெல்லாம் நடந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அப்படியென்றால் புரிந்துகொண்டிருப்பாய். இன்றைக்குப் பத்து மணிக்கு மறுபடி இன்ஸ்பெக்‌ஷன்.

பெயர் சேர்த்த பிறகும் முருகேசனுக்கு மனசு ஆறவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "எதுக்கும் நீ உள் ரூம்புக்குள்ள இரும்மா, அந்தப் பொண்ணு போன பெறகு வெளிய வா" என்றான். "சரிப்பா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். பிள்ளை நிம்மதியாக வேலை பார்க்கட்டும்.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது முன் அறை சோபாவில், வாசலுக்கு நேராக. அம்மன் படத்துக்குப் பூ வைத்தாகிவிட்டது, அந்தப் பூக்கடைப் பூ மாதிரியே மஞ்சள். பல்பொடியைப் பாத்ரூமில் கண்ணாடிக்கு முன்னால் எடுத்து வைத்திருக்கிறேன், போட்டோவில் விழட்டும் என்று. நீ கொடுத்தனுப்பிய சாத்தூர் சேவு கடைசிப் பாக்கெட்டைத் தட்டில் கொட்டியிருக்கிறேன். ஆபீசருக்கு டீ கொடுக்கிற வழக்கத்தை நான் விடமாட்டேன், ஆனால் இந்தத் தடவை டீயை நான்தான் கொடுப்பேன். அடுப்பில் பால் ஏறியிருக்கிறது. வருகிறவள் அடுப்பைத் திறந்து பார்க்கிறவள்தானே, பார்க்கட்டும். ஆளையும் எண்ணிக்கொள்ளட்டும். பேத்திகள் பள்ளியில் இருந்தாலும் பிரிட்ஜ் கதவில் படம் இருக்கிறது, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவேன். ஐந்துவரை எண்ண எனக்குக் கொட்டை வேண்டாம். அப்புறம் அந்தக் கீழவீட்டுக்காரி மகளுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று...

இரு இரு, பெல் அடிக்கிறது. செல்வி, தட்டினது போதும், எழுந்திரு, நீ போய்ப் பாலைப் பார், பொங்கி அடுப்பெல்லாம் வழியப்போகிறது. இல்லையில்லை, கதவுப் பக்கம் போகாதே. கதவை நான் திறக்கிறேன்.